சுதந்தரவாளி என்றால் மீட்பர்: ரூத்தைப் பிரசங்கிக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர் ஐயாமார்களுக்கும், வேதபாட வகுப்பு நடத்துகிற சகோதர சகோதரிகளுக்கும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும்,

ஸ்தோத்திரம். ரூத் புத்தகத்தைப் பற்றி உங்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கவே இதை எழுதுகிறேன். நான் இறையியல் கல்லூரிக்குப் போனதில்லை. எபிரெயுச் சொற்களை ஒத்தவாக்கிய அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறித்தான் தேடுவேன். ஆனால் நாலே அதிகாரங்களும் 85 வசனங்களும் உள்ள அந்தச் சின்னப் புத்தகத்தோடு ஒரு வருஷத்துக்கு மேல் குடியிருந்திருக்கிறேன். அப்படிக் குடியிருக்க வைத்தது ஒரு பிரசங்கம்.

அத்தான் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அக்காவை நான்தான் ஆராதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்குச் செய்தி ரூத் முதலாம் அதிகாரம். பெத்லெகேம் என்றால் அப்பத்தின் வீடு. அந்த வீட்டை விட்டு அந்நிய தேசமான மோவாபுக்குப் போனதால்தான் நகோமி புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தாள். தேவசித்தத்தை விட்டு விலகுகிறவர்களுக்கு நேருவது இதுதான் என்றார் பிரசங்கியார். அக்கா வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். ஆராதனை முடிவில் கூறும் ஆசீர்வாதம் வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நாங்க எந்த ஊரை விட்டுப் போனோம்டா?"

அந்தப் பிரசங்கியாரைக் குறைசொல்ல நான் வரவில்லை. அடக்க ஆராதனையில் எங்களோடு நின்று அழுதவர் அவர். காலங்காலமாகப் பிரசங்கபீடங்களில் சொல்லிவரும் விளக்கத்தைத்தான் அவரும் சொன்னார். அதனாலேயே இதை அவர் ஒருவருக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

அந்த விளக்கம் வசனத்தில் இல்லை. முதல் ஐந்து வசனங்களை நிதானமாக வாசித்துப் பாருங்கள். தேசத்தில் பஞ்சம் உண்டாயிற்று. நகோமியின் புருஷன் எலிமெலேக்கு குடும்பத்தோடு மோவாபுக்குப் போனான். இறந்தான். அவனுடைய குமாரர் மக்லோனும் கிலியோனும் மோவாபில் பெண் கொண்டார்கள்; அந்த மருமகள்களில் ஒருத்திதான் ரூத். ஏறக்குறைய பத்து வருஷம் கழித்து அவர்களும் இறந்தார்கள். அவ்வளவுதான். இன்ன பாவத்தினால் இது நடந்தது என்று கதை சொல்லுகிறவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. பஞ்சத்தில் ஆபிரகாமும் எகிப்துக்குப் போனார். யாக்கோபும் குடும்பத்தோடு போனார். வேதத்தில் பசி ஜனங்களை நடக்க வைக்கிறது. அந்த நடையெல்லாம் பின்மாற்றம், அதாவது தேவனை விட்டு விலகுதல், ஆகிவிடாது. வேதம் வாய் திறக்காத இடத்தில் நாமும் வாய் திறக்காமல் இருப்பது நல்லது, அதுவும் முன்வரிசையில் ஒரு விதவை உட்கார்ந்திருக்கும்போது.

தண்டனை என்ற எண்ணம் நகோமிக்கே இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. "என்னை நகோமி என்று சொல்லாமல், மாராள் என்று சொல்லுங்கள்" என்றாள்; மாராள் என்றால் கசப்பு. "நான் நிறைவுள்ளவளாய்ப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாகத் திரும்பிவரப்பண்ணினார்" என்றாள். இப்படிப் பேசினதற்காகக் கர்த்தர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ஊர்ப் பெண்களும் "அப்படிச் சொல்லாதே அம்மா, விசுவாசத்தில் நில்" என்று புத்தி சொல்லவில்லை. அந்தக் கசப்பான வார்த்தைகள் வேதவசனமாகவே நிலைத்துவிட்டன. இதைச் சபையில் நீங்கள் ஒரு முறை சத்தமாகச் சொன்னால் போதும், எத்தனையோ பேருக்கு மூச்சு வரும்.

ஆறேழு மாதம் கழித்து அக்காவே ஒரு நாள் ராத்திரி, "அந்த ரூத்தை நாம ரெண்டு பேரும் வாசிச்சுப் பார்ப்போமா?" என்று கேட்டாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். ஒரு நாளைக்கு ஐந்தாறு வசனங்களுக்கு மேல் போகக்கூடாது என்று பேசிக்கொண்டோம். நான் இந்த மடலில் சொல்லுகிறவற்றில் பெரும்பாலானவை அந்த மேஜையில் கிடைத்தவை.

முதலில் கிடைத்தது ஒரு சொல். எலிமெலேக்கின் உறவினனும் பின்னால் ரூத்தை மணப்பவனுமான போவாசை நம் தமிழ் வேதாகமம் 'சுதந்தரவாளி' என்று அழைக்கிறது. "நம்மை ஆதரிக்கிற சுதந்தரவாளிகளில் ஒருவன்" என்று நகோமி சொல்லுகிறாள். "நீர் சுதந்தரவாளி" என்று நடுராத்திரியில் களத்தில் ரூத் சொல்லுகிறாள். சிறு வயதிலிருந்து இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம், சொத்துக்கு வாரிசு, பாத்தியதை உள்ள பங்காளி என்றுதான் நினைத்திருந்தேன். அகராதியைத் திறந்தபோது அதற்கு நேரே இருந்த எபிரெயுச் சொல் 'கோஏல்'. யோபு 19-ல் "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்று வருகிறதே, அங்கேயும் அதே சொல். ஏசாயா தீர்க்கதரிசி 40-க்குப் பின்னான அதிகாரங்களில் "உன் மீட்பர்" என்று திரும்பத் திரும்பச் சொல்லுகிறாரே, அங்கேயும் அதே சொல். கொலையுண்டவனுக்காகப் பழிவாங்க வேண்டிய நெருங்கின உறவினனைப் பற்றி எண்ணாகமம் 35 பேசும்போதும் இதே சொல்தான்.

மொழிபெயர்த்தவர்கள் தவறு செய்யவில்லை. இடத்துக்கு ஏற்றபடி பொருத்தமான சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் தமிழில் வாசிக்கிற நமக்கு இந்த இடங்களைக் கோத்திருக்கும் நூல் அறுந்துபோகிறது. யோபுவின் மீட்பரும் ரூத்தின் சுதந்தரவாளியும் ஒரே சொல் என்று சபையில் யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியும். சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

(ஒரு சின்னச் செய்தி. தமிழில் பழைய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கிய சீகன்பால்கு, 1719-ல் இறந்தபோது முடித்திருந்தது ரூத் புத்தகம் வரைக்கும்தான். மிச்சத்தைப் பின்வந்த சுல்ட்சே முடித்தார். இதைப் படித்ததிலிருந்து ரூத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் அங்கே ஓய்ந்துபோன அந்தக் கை என் நினைவுக்கு வருகிறது.)

கோஏல் என்பவர் செய்ய வேண்டியது என்ன என்று லேவியராகமம் 25 விவரமாகச் சொல்லுகிறது. வறுமையால் ஒருவன் தன் காணியை விற்றுவிட்டால், அவனுடைய நெருங்கின உறவினன் வந்து அதை மீட்டுக்கொடுக்க வேண்டும். அவன் தன்னையே அந்நியனிடத்தில் அடிமையாக விற்றுவிட்டாலும் உறவினன் ஒருவன் அவனை மீட்கலாம். ஏனென்றால் நிலம் அவர்களுடையது அல்ல, கர்த்தருடையது. அந்த ஜனமும் அவருடையது. ஆக, மீட்பு என்ற வார்த்தை முதலில் வாசம்பண்ணினது வயல்வரப்பிலும் கடனிலும் அடிமைத்தனத்திலும். பரலோகத்தைப் பற்றிய வார்த்தையாக மட்டும் அது தொடங்கவில்லை. ஒருவன் கைவிட்டதை இன்னொருவன் தன் கைக்காசைப் போட்டுத் திரும்ப வாங்கித் தருவதுதான் மீட்பு. வாங்கித் தருகிறவன் வழிப்போக்கனாக இருக்க முடியாது, உறவாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் எபிரெயர் 2-ம் அதிகாரம் எனக்கு முதன்முறையாகப் புரிந்தது. "பிள்ளைகள் மாம்சத்தையும் இரத்தத்தையும் உடையவர்களாயிருக்க, அவரும் அவர்களைப்போல மாம்சத்தையும் இரத்தத்தையும் உடையவரானார்." கிறிஸ்து ஏன் மனுஷனாக வர வேண்டும்? மேலிருந்தே ஒரு வார்த்தை சொல்லி மீட்டிருக்கக்கூடாதா? கோஏல் உறவுக்காரனாக இருக்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. நம்மைச் சகோதரர் என்று சொல்ல அவர் வெட்கப்படவில்லை என்று அதே அதிகாரம் சொல்லும்போது, களத்துமேட்டில் ஒரு மோவாபியப் பெண்ணிடம் "நான் சுதந்தரவாளி என்பது மெய்தான்" என்று சொன்ன குரலின் எதிரொலி எனக்குக் கேட்கிறது.

ஏசாயா 54-ஐயும் கூடவே வாசியுங்கள். விதவையிருப்பின் நிந்தையை இனி நினைக்கமாட்டாய் என்று சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே உன் சிருஷ்டிகரே உன் நாயகர், இஸ்ரவேலின் பரிசுத்தர் உன் மீட்பர் என்கிறார் தீர்க்கதரிசி. நாயகரும் கோஏலும் ஒரே வசனத்தில். ரூத்தின் கதையை அறிந்த காது அங்கே நிமிர்ந்து உட்காரும். அக்கா அந்த இரண்டு வசனங்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ரூத் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள்.

இனி நான்காம் அதிகாரத்தின் பட்டணவாசல். பத்து மூப்பர்கள் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறார்கள். போவாசைவிடக் கிட்டின சுதந்தரவாளி ஒருவன் வருகிறான். நகோமியின் நிலம் விலைக்கு வருகிறது என்றதும், "நான் அதை மீட்டுக்கொள்ளுகிறேன்" என்கிறான். அவன் கெட்டவன் அல்ல. கணக்குத் தெரிந்தவன். வயது போன விதவை, பிள்ளை இல்லை, நிலம் தன் சொத்தோடு சேர்ந்துவிடும். ஆனால் நிலத்தோடு ரூத்தும் வருவாள், இறந்தவனுடைய பேரை நிலைநிறுத்த அவளுக்குப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று போவாஸ் சொன்னவுடன் கணக்கு மாறுகிறது. பணம் போவது தன் கையிலிருந்து, நிலம் போகப்போவது இன்னொருவன் பேரில் வளரும் பிள்ளைக்கு. "நான் என் சுதந்தரத்தைக் கெடுக்காதபடிக்கு" என்று சொல்லி, பாதரட்சையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவனுடைய பேர் வேதத்தில் இல்லை. எபிரெயுவில் 'பெலோனி அல்மோனி' என்று இருக்கிறது. நாம் 'இன்னான்' என்று சொல்லுவோமே, அதைப் போல. தன் பேரையும் சொத்தையும் காப்பாற்றிக்கொள்ள நினைத்தவனுடைய பேர் எழுதப்படவே இல்லை.

போவாஸ் அந்த நஷ்டத்தைத் தெரிந்தே எடுத்துக்கொண்டான். உபாகமம் 25-ன்படி இறந்தவனுடைய மனைவியை ஏற்க வேண்டியது ஒன்றாய்க் குடியிருந்த சகோதரன். போவாஸ் ரூத்தின் இறந்துபோன புருஷன் மக்லோனுக்குச் சகோதரன் அல்ல. அவனை எந்தப் பிரமாணமும் அந்த அளவுக்குக் கட்டாயப்படுத்தவில்லை. பிரமாணம் நிற்கிற இடத்தைத் தாண்டி அவன் நடந்தான். போவாசைக் கிறிஸ்துவுக்கு நிழலாகப் பிரசங்கிக்கிறீர்கள். எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். ஆனால் அந்த ஒப்புமையை ஆஸ்திக்காரனான போவாஸ், ஏழைப்பெண் ரூத் என்ற அளவில் நிறுத்திவிடாதீர்கள். அவன் கொடுத்த விலையைச் சொல்லுங்கள். வெள்ளியினாலும் பொன்னினாலும் மீட்கப்படவில்லை என்று பேதுரு எழுதுகிற இடம் அப்போது பாரமாக இறங்கும்.

இன்னொரு குறையும் உண்டு, என் மனதில் இதுதான் பெரிது. போவாஸ் மேல் வெளிச்சம் எல்லாம் விழும்போது ரூத் ஓரமாய் நிற்கிற மீட்கப்பட்டவளாக மட்டும் ஆகிவிடுகிறாள். கதையைப் பாருங்கள். களத்துக்கு அனுப்பும்போது நகோமி, நீ செய்ய வேண்டியதை அவன் உனக்குச் சொல்லுவான் என்றுதான் சொல்லி அனுப்பினாள். ரூத் அவன் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. "நீர் உம்முடைய அடியாள்மேல் உம்முடைய போர்வையை விரியும், நீர் சுதந்தரவாளி" என்று அவளே சொன்னாள். மீட்கிறவனுக்கு அவனுடைய கடமையை நினைப்பூட்டினது அந்நிய தேசத்து விதவை.

அந்தப் 'போர்வை'யிலும் ஒரு நூல் அறுந்திருக்கிறது. இரண்டாம் அதிகாரத்தில் போவாஸ் அவளை ஆசீர்வதிக்கிறான்: கர்த்தருடைய செட்டைகளின்கீழ் அடைக்கலமாய் வந்த உனக்கு நிறைவான பலன் கிடைப்பதாக என்று. அங்கே செட்டைக்கு எபிரெயுவில் 'கானாப்'. மூன்றாம் அதிகாரத்தில் அவள் விரிக்கச் சொல்லுகிற போர்வைக்கும் அதே சொல். நீர் எனக்காக ஜெபித்தீரே, அந்தச் செட்டையை நீரே விரியும் என்கிறாள். ஆசீர்வாதம் சொன்னவனையே அந்த ஆசீர்வாதத்துக்கு விடையாக நிறுத்திவிட்டாள். இதைக் கண்டுபிடித்த ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் வெகுநேரம் பேசாமல் இருந்தோம். 'உங்களுக்காக ஜெபித்துக்கொள்கிறோம்' என்று அந்த நாலு மாதத்தில் அக்காவிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! அவர்களில் நானும் ஒருவன்.

விசுவாசம் என்ற சொல்லுக்கு வருகிறேன். சபைக்கு வெளியே இந்தச் சொல்லை நாம் எப்படிப் பேசுகிறோம்? உண்ட வீட்டுக்கு விசுவாசமாக இருந்தான் என்கிறோம். ராஜவிசுவாசம் என்கிறோம். விசுவாசமான வேலைக்காரர் என்கிறோம். விட்டுப் போகாதவன், காட்டிக்கொடுக்காதவன் என்று பொருள். சபைக்குள் வந்ததும் அதே சொல் நம்பிக்கை, அறிக்கை, உபதேசம் என்று ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கலாத்தியர் 5-ல் ஆவியின் கனிகளில் ஒன்றாக விசுவாசம் என்று வாசிக்கிறோமே, அந்த இடத்தில் கிரேக்கச் சொல் 'பிஸ்டிஸ்' சொன்ன சொல் மாறாத உண்மையையும் சேர்த்தே குறிக்கிறது. தமிழ்ச் சொல்லுக்குள்ளும் அது ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எங்கேயும் தேட வேண்டியதில்லை, நம் வீட்டுப் பேச்சிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும்.

ரூத்தின் வாயில் 'நான் நம்புகிறேன்' என்ற சொல் இல்லை. "நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன், நீர் தங்கும் இடத்திலே நானும் தங்குவேன்" என்பதுதான் இருக்கிறது. "உம்முடைய தேவன் என்னுடைய தேவன்" என்பது அந்த வரிசையில்தான் வருகிறது, 'உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்' என்பதற்கு அடுத்ததாக. ஆபிரகாம் தேசத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு ஒரு வாக்குத்தத்தம் இருந்தது. ரூத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. உனக்குப் புருஷனாக என்னிடத்தில் இனிக் குமாரர் இல்லை என்று நகோமி வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள். ஒரு கிழவியைத் தனியாக விடமாட்டேன் என்ற ஒரே காரணத்துக்காக நடந்தவள் அவள். அவளைச் சுமந்த சொல் 'ஹெசெத்'. ரூத் புத்தகத்தில் அது மூன்று முறை வருகிறது. தமிழில் ஓரிடத்தில் தயை என்றும், ஓரிடத்தில் தயவு என்றும், களத்தில் போவாஸ் புகழும்போது நற்குணம் என்றும் இருக்கிறது. 136-ம் சங்கீதத்தில் 26 வசனத்திலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று பாடுகிறோமே, அந்தக் கிருபையும் இதே ஹெசெத். கர்த்தரைக் குறித்து 26 தரம் பாடுகிற அதே சொல்லை ஒரு மோவாபியப் பெண்ணின் நடத்தைக்கும் வேதம் சொல்லுகிறது. கர்த்தருடைய குணம் அவள் கையிலும் காலிலும் இருந்தது.

கையில் என்று சொன்னது சும்மா அல்ல. வயலில் சாப்பாட்டு வேளை. போவாஸ் வறுத்த கோதுமை கொடுக்கிறான். அவள் சாப்பிட்டுத் திருப்தியடைந்து மீதியை வைத்துக்கொள்கிறாள். நாலு வசனம் தள்ளி, வீட்டுக்குப் போனதும் அந்த மீதியை எடுத்து மாமியாருக்குக் கொடுக்கிறாள். காலையிலிருந்து வெயிலில் குனிந்து கதிர் பொறுக்கினவள். ஒரு மரக்கால் வாற்கோதுமையைத் தட்டி எடுத்துச் சுமந்து வந்தவள். அதற்கு நடுவிலும் ஒரு பிடி வறுத்த தானியத்தைச் சிந்தாமல் முடிந்து வைத்திருக்கிறாள். 'நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன்' என்ற அந்தப் பெரிய வாக்குறுதியை நான் மனப்பாடமாகச் சொல்லுவேன். இந்த ஒரு பிடி தானியத்தை அதுவரை கவனித்ததே இல்லை. வாக்குறுதிக்குச் சாட்சி அதுதான்.

அந்த வாக்குறுதியைத் திருமண ஆராதனையில் வாசிக்கிறீர்கள். வாசியுங்கள், அழகான வசனம். அது மருமகள் மாமியாரிடம் சொன்னது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இதைவிட முக்கியமான வேண்டுகோள் ஒன்று: அந்த வசனத்தை மருமகள்களை அடக்குகிற கோலாக எடுக்காதீர்கள். 'ரூத்தைப் பார், நீயும் மாமியார் பேச்சைக் கேள்' என்று போதிப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கதையில் மாமியார் பேச்சைக் கேட்டுத் திரும்பினவள் இன்னொரு மருமகளான ஒர்பாள். ரூத் கேட்காதவள். நகோமி இரண்டு பேரையும் ஆசீர்வதித்து விடுதலையாக்கினாள்; போ, போ என்று மறுபடியும் மறுபடியும் சொன்னாள். அந்த விடுதலை முதலில் கொடுக்கப்பட்டதால்தான் ரூத் பற்றிக்கொண்டது விசுவாசம் ஆயிற்று. கட்டிப்போட்டவனுக்குக் காட்டுவது விசுவாசம் அல்ல. பற்றிக்கொண்டாள் என்பதற்கு இருக்கும் எபிரெயுச் சொல் ஆதியாகமம் 2-ல் புருஷன் மனைவியோடே இசைந்திருப்பான் என்ற இடத்தில் இருக்கும் அதே சொல். வற்புறுத்தி அதை யாரும் வாங்க முடியாது. ஒர்பாளை ஏசிப் பேசுவதையும் விட்டுவிடுங்கள். அவளும் அழுதாள், மாமியாரை முத்தமிட்டாள். அவளும் எங்களுக்குத் தயை செய்தாள் என்று நகோமியே சாட்சி கொடுத்திருக்கிறாள்.

மோவாபியர் பத்தாம் தலைமுறைவரை கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23 சொல்லுவதை மறைக்காமல் வாசியுங்கள். அதை வாசித்தால்தான் 'மோவாபிய ஸ்திரீ' என்று இந்தப் புத்தகம் ரூத்தை விடாமல் அடைமொழியிட்டு அழைப்பதன் கனம் தெரியும். மத்தேயு தன் முதல் அதிகாரத்தில் தாமாரையும் ராகாபையும் அடுத்து இவளையும் கிறிஸ்துவின் வம்ச அட்டவணையில் பேர் சொல்லி எழுதினபோது அந்த வாசல் எவ்வளவு அகலமாய்த் திறந்தது என்பதும் தெரியும். யூதர்கள் இந்தப் புத்தகத்தை வாரங்களின் பண்டிகையில் வாசிக்கிறார்கள். நாம் பெந்தெகொஸ்தே என்று சொல்லுவது அந்தப் பண்டிகையைத்தான். பல தேசத்தாரும் தங்கள் தங்கள் பாஷையில் சுவிசேஷத்தைக் கேட்ட நாள். பெந்தெகொஸ்தே ஞாயிறில் ரூத்தையும் ஒரு பாடமாக வாசித்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்!

நகோமியிடம் திரும்புகிறேன். வெறுமையாய் வந்தேன் என்று அவள் பெத்லெகேமுக்கு வந்து சொன்னபோது ரூத் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நகோமி அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. துக்கம் அப்படித்தான், பக்கத்தில் நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். ரூத் அதற்காக முகம் சுளித்ததாக எழுதப்படவில்லை; அடுத்த அதிகாரத்தில் கதிர் பொறுக்கப் போகட்டுமா என்று கேட்கிறாள். மூன்றாம் அதிகாரத்தின் முடிவில், உன் மாமியாரண்டைக்கு "வெறுமையாய்ப் போகவேண்டாம்" என்று சொல்லிப் போவாஸ் ஆறுபடி வாற்கோதுமையை அவள் போர்வையில் அளந்து போட்டான். முதல் அதிகாரத்தின் 'வெறுமை'யும் இந்த 'வெறுமை'யும் எபிரெயுவிலும் ஒரே சொல், தமிழிலும் ஒரே சொல். இந்த ஒரு நூல் அறுபடவில்லை. நகோமியின் புலம்பலுக்குப் பதில், அவள் காதில் ஓதப்பட்ட ஆறுதல் வசனமாக அல்ல, அவள் வீட்டுக்குள் வந்து இறங்கின தானியமாக வந்தது. போவாசின் அந்த 'வெறுமையாய்ப் போகவேண்டாம்' என்ற வார்த்தையை மாமியாரிடம் சொன்னதுதான் ரூத் இந்தப் புத்தகத்தில் கடைசியாகப் பேசுகிற பேச்சு.

கடைசியாகப் பிள்ளை. ஊர்ப் பெண்கள் நகோமியிடம் வந்து, சுதந்தரவாளி அற்றுப்போகாதபடிக்கு உனக்குத் தயவுசெய்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்கிறார்கள். போவாசைத்தான் சொல்லுகிறார்கள் என்று நினைத்து வாசித்துக்கொண்டே போனோம். அக்காதான் விரலை வைத்து நிறுத்தினாள். அடுத்த வசனத்தில், அவன் உன் முதிர்வயதிலே உன்னை ஆதரிக்கிறவனாயிருப்பான், உன் மருமகள் அவனைப் பெற்றாளே என்று வருகிறது. பெற்றெடுக்கப்பட்டவன் போவாஸ் அல்லவே! அவர்கள் கோஏல் என்று அழைப்பது தொட்டிலில் கிடக்கிற குழந்தையை. பெத்லெகேமில் பிறந்த ஒரு குழந்தையைக் காட்டி 'இதோ மீட்பர்' என்று பெண்கள் சொன்ன வசனம் ரூத் 4-ல் இருக்கிறது. சுதந்தரவாளி என்ற சொல்லுக்குள் அது மூடிக் கிடக்கிறது. தாவீதுக்குத் தாத்தாவான ஓபேத் அவன். அதே ஊரில் இன்னொரு பிள்ளை பிறந்த ராத்திரியைப் பற்றி ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பிரசங்கிக்கிறீர்கள். ஒரு வருஷமாவது இந்த வசனத்திலிருந்து தொடங்குங்கள். அந்தப் பெண்கள் இன்னொன்றும் சொன்னார்கள். ஏழு குமாரரைப் பார்க்கிலும் உனக்கு அருமையாயிருக்கிற மருமகள் என்றார்கள். முதல் அதிகாரத்தில் நகோமி பார்க்காமல் விட்டவளை அவர்கள் பார்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆகையால் என் விண்ணப்பம் இதுதான். அடுத்த முறை ரூத் புத்தகத்தை எடுக்கும்போது போவாசின் வயலுக்கு அவசரப்பட்டு ஓடாதீர்கள். முதலாம் அதிகாரத்துக்கு ஒரு முழு ஞாயிறு கொடுங்கள். நகோமியின் வார்த்தைகளை விளக்கம் சேர்க்காமல் முழுவதும் வாசியுங்கள். சுதந்தரவாளி என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு தரம் 'மீட்பர்' என்று மாற்றி வாசித்துக் காட்டுங்கள். அக்கா இப்போது மறுபடியும் ஆராதனைக்கு வருகிறாள். மூன்றாவது வரிசையில், ஜன்னல் ஓரம் உட்காருவாள். ரூத் புத்தகத்துக்குள் அந்தத் துண்டுக் காகிதம் இன்னும் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சபைகளில் ஒன்றில் உட்காருகிற ஒரு விசுவாசி